எளிய உடல், பழைய பரம்பரையலகுகள்: கடலின் எளிய விலங்குகள் தரும் பாடம்



விலங்குகளின் பாகுபாடு என்னும் பகுதியைப் படிக்கும்போது நீங்கள் ஓர் அட்டவணையை மனனம் செய்திருப்பீர்கள். அதன் தொடக்கத்தில் கடல் அனிமனி, இழுதுமீன், முருகை போன்ற நிடாரியாக்கள் இருக்கும். இறுதியில் முலையூட்டிகள் இருக்கும். மேலிருந்து கீழே வாசித்துச் செல்லும்போது உடலமைப்புச் சிக்கலாகிக்கொண்டே போகும்.

இந்த அட்டவணையைப் பார்க்கும் மாணவர் பலர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். "எளிய விலங்கில் பரம்பரையலகுகளும் எளியவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை. உடல் சிக்கலாகச் சிக்கலாகப் புதிய பரம்பரையலகுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன" என்பதே அம்முடிவு. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆய்வாளர் பலரும் ஒரு காலத்தில் ஏறத்தாழ இவ்வாறே எதிர்பார்த்தனர். ஆனால் இது பிழை. எவ்வாறு பிழை என்பதை விளங்கிக்கொண்டால், கூர்ப்பு என்னும் பாடத்தை மனனம் செய்யாமலே எழுதலாம்.

1. ஒரே டி.என்.ஏ, வெவ்வேறு கலங்கள்

முதலில் நீங்கள் ஏற்கனவே அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். உங்கள் உடல் ஒரேயொரு நுகத்திலிருந்து உருவானது. அந்நுகம் இழையுருப்பிரிவு மூலம் மீண்டும் மீண்டும் பிரிந்தது. எனவே உங்கள் கண்ணிலுள்ள கலத்திலும் ஈரலிலுள்ள கலத்திலும் இருக்கும் டி.என்.ஏ ஒன்றே. அப்படியானால் ஒன்று கண்ணாகவும் மற்றையது ஈரலாகவும் ஆனது எவ்வாறு?

எல்லாப் பரம்பரையலகுகளும் எல்லாக் கலங்களிலும் தொழிற்படுவதில்லை. கண்ணில் ஒளியை உணரும் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு தொழிற்படுகின்றது. ஈரலில் அது இருக்கின்றது, ஆனால் தொழிற்படாமல் அடங்கியிருக்கின்றது. ஆகவே எந்தப் பரம்பரையலகுகள் இருக்கின்றன என்பது போலவே, எவை எங்கே, எப்போது தொழிற்படுகின்றன என்பதும் உடலைத் தீர்மானிக்கின்றது.

2. விருத்தியை ஒழுங்குபடுத்தும் பரம்பரையலகுகள்

வீடு கட்டும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கல் அடுக்குபவர், மரவேலை செய்பவர், வயர் இழுப்பவர் எனப் பலர் இருப்பர். ஓவசியர் கல் சுமப்பதில்லை. எங்கே சுவர், எங்கே கதவு என்று சொல்வதே அவர் வேலை. பரம்பரையலகுகளிலும் இவ்வாறான ஓவசியர்கள் உண்டு. இவை ஆக்கும் புரதங்கள் டி.என்.ஏ இல் குறித்த இடங்களில் இணைந்து, வேறு பரம்பரையலகுகளைத் தொழிற்படச் செய்யும் அல்லது அடக்கி வைக்கும். முளையம் விருத்தியடையும்போது தலை எது, வால் எது, முதுகு எது, வயிறு எது என்பதை இவையே வரையறுக்கின்றன.

இவற்றை முதலில் நன்கு வெளிப்படுத்தியது பழ ஈ ஆகும். பழ ஈயின் ஒரு பரம்பரையலகில் ஏற்படும் விகாரத்தினால், தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் முளைக்கின்றது. கால் கோணலாகவோ குறையாகவோ இருக்காது. சரியான கால்தான், ஆனால் பிழையான இடத்தில் இருக்கும். ஓவசியர் இடத்தை மாற்றிச் சொல்லிவிட்டார் என்பதே இதன் பொருள். இத்தகைய பரம்பரையலகுகளின் ஒரு தொகுதி ஹொக்ஸ் பரம்பரையலகுகள் எனப்படும்.

ஹொக்ஸ் பரம்பரையலகுகளில் 180 மூலச்சோடிகள் கொண்ட ஒரு பகுதி ஏறத்தாழ ஒரே விதமாகக் காணப்படுகின்றது. இது ஹோமியோபொக்ஸ் எனப்படும். புரதத்தில் இது 60 அமினோ அமிலங்களாகும். 1980களின் முற்பகுதியில் பழ ஈயில் இனங்காணப்பட்ட இப்பகுதி, விரைவிலேயே தவளை, எலி, மனிதன் ஆகியவற்றிலும் கண்டுபிடிக்கப்பட்டது. பழ ஈயின் முளைய விருத்தியைப் பரம்பரையலகுகள் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்ற ஆய்வுக்காக எட்வேர்ட் லூயிஸ், கிறிஸ்ரியானே நியூஸ்லைன் வொல்ஹார்ட், எரிக் வீஷவுஸ் ஆகிய மூவருக்கும் 1995ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அதே 1995ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பேசல் நகரில் வால்ரர் கெரிங் குழுவினர் செய்த பரிசோதனை ஒன்றையும் அறிந்துகொள்ளுங்கள். கண்ணின் விருத்தியைத் தொடக்கிவைக்கும் பரம்பரையலகைப் பழ ஈயின் காலிலும் சிறகிலும் தொழிற்படச் செய்தபோது அவ்விடங்களில் கண்கள் தோன்றின. பின்னர் எலியிலிருந்து பெற்ற, அதற்கு ஒத்த பரம்பரையலகைப் பழ ஈயில் புகுத்தினர். அப்போதும் கண் தோன்றியது. அது எலியின் கண் அல்ல, பழ ஈயின் கூட்டுக்கண்! எலியின் ஓவசியர் சொன்ன சொல் ஈயின் வேலையாட்களுக்கு விளங்கியது.

பழ ஈயும் எலியும் மிகவும் வேறுபட்ட விலங்குகள். எனினும் இரண்டும் இருபக்கச் சமச்சீர் உடையவை, தலையும் மூளையும் கொண்டவை. எனவே அடுத்த வினா எழுந்தது. தலையும் மூளையும் இல்லாத எளிய கடல் விலங்குகளில் இந்த ஓவசியர்களுக்கு என்ன வேலை? அவற்றில் இவை இருக்கவே மாட்டா என்றல்லவா எதிர்பார்க்க வேண்டும்?

3. சேற்றில் வாழும் ஒரு சிறிய அனிமனி

இவ்வினாவுக்கு விடை தேட ஆய்வாளர் தெரிவுசெய்த விலங்குகளில் ஒன்று நெமற்றோஸ்ரெல்லா வெக்ரென்சிஸ் என்னும் கடல் அனிமனி ஆகும். சில சென்ரிமீற்றர் நீளமே உடைய இவ்விலங்கு, வட அமெரிக்காவின் கரையோரங்களிலும் இங்கிலாந்தின் தென்பகுதியிலும் உவர்நீர்ச் சேற்றில் உடலைப் புதைத்து, பரிசக்கொம்புகளை மட்டும் வெளியே நீட்டி வாழ்கின்றது. ஆய்வுகூடத்தில் இலகுவாக வளர்க்கலாம். முட்டைகளையும் தாராளமாக இடும்.

நிடாரியாக்களின் இயல்புகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உடற்சுவர் இரு கலப்படைகளால் ஆனது. உணவு செல்வதற்கும் கழிவு வெளியேறுவதற்கும் ஒரே துவாரம். கொட்டுவதற்கு அழன்மொட்டுச் சிறைப்பைகள். மூளை இல்லை, நரம்பு வலை மட்டுமே உண்டு. இதைவிட எளிமையாக ஓர் உடலை எண்ணிப் பார்ப்பது கடினம்.

2007ஆம் ஆண்டில் இவ்வனிமனியின் டி.என்.ஏ முழுவதும் வாசிக்கப்பட்டு அதன் விபரம் வெளியிடப்பட்டது. புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் சுமார் 18,000 எனக் கணிக்கப்பட்டது. மனிதனில் இவை சுமார் 20,000. பழ ஈயில் சுமார் 14,000. அதாவது எண்ணிக்கையில் அனிமனி பழ ஈயை முந்திவிட்டது.

எண்ணிக்கையைவிட வியப்பானது ஒற்றுமை. மனிதனில் ஒரே நிறமூர்த்தத்தில் சேர்ந்திருக்கும் பரம்பரையலகுக் கூட்டங்கள் பல அனிமனியிலும் சேர்ந்தே காணப்பட்டன. பழ ஈயில் அவை பெரிதும் சிதறிப்போயிருந்தன. இன்னோர் உதாரணம்: முளைய விருத்தியில் கலங்களுக்கிடையே செய்தி கடத்தும் வின்ட் என்னும் பரம்பரையலகுக் குடும்பம் மனிதனில் 12 உபகுடும்பங்களாக உள்ளது. 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி இந்த 12 இல் குறைந்தது 11 அனிமனியில் உண்டு. பழ ஈயிலோ மொத்தம் 7 வின்ட் பரம்பரையலகுகளே உள்ளன.

ஹொக்ஸ் பரம்பரையலகுகளும் அனிமனியில் இருந்தன. அவை வெறுமனே கிடக்கவில்லை, வேலையும் செய்கின்றன. அனிமனியின் குடம்பியின் உட்பகுதி எட்டுப் பிரிவுகளாகப் பிரிகின்றது. 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் ஹொக்ஸ் பரம்பரையலகுகளின் தொழிற்பாடு தடுக்கப்பட்டபோது, இப்பிரிவுகளின் எல்லைகள் சரியாக அமையவில்லை. பரிசக்கொம்புகளின் ஒழுங்கும் மாறியது.

இன்னொரு செய்தி. பழ ஈயில் முதுகையும் வயிற்றையும் வேறுபடுத்த உதவும் ஒரு பரம்பரையலகு, அனிமனியின் முளையத்தில் வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் தொழிற்படுவதாக 2004ஆம் ஆண்டில் அறியப்பட்டது. வெளியே பார்த்தால் அனிமனி ஆரைச் சமச்சீர் உடையது. உள்ளேயோ ஒரு பக்கத்தை மறுபக்கத்திலிருந்து பிரித்தறியும் ஏற்பாடு இருக்கின்றது. (கவனிக்க: நிடாரியாக்களின் சமச்சீர் யாது எனப் பரீட்சையில் வினவப்பட்டால் ஆரைச் சமச்சீர் என்றே எழுத வேண்டும். அது அவற்றின் பொதுவான உடலமைப்பைக் குறிக்கின்றது.)

4. அப்பப்பாவின் படம்

இவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்? ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பழைய படம் தொங்குகின்றது. பெரியப்பா வீட்டுக்குப் போனால் அங்கும் அதே படத்தின் பிரதி இருக்கின்றது. இரண்டு வீட்டாரும் தனித்தனியே ஒரே படத்தை வரைந்திருக்க முடியாது. அது அப்பப்பாவின் வீட்டிலிருந்தே இரு வீட்டுக்கும் வந்திருக்க வேண்டும். சித்தப்பா வீட்டில் அப்படம் இல்லை என்பதற்காக, அப்பப்பாவிடம் அது இருக்கவில்லை என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. வீடு மாறும்போது தொலைந்திருக்கலாம்.

விஞ்ஞானிகளின் தர்க்கமும் இதுவே. ஒரு பரம்பரையலகின் நீண்ட ஒழுங்கு இரு விலங்குகளில் தற்செயலாக ஒத்துப்போக முடியாது. மனிதனிலும் அனிமனியிலும் ஒன்று இருக்குமாயின், அது இரண்டுக்கும் பொதுவான மூதாதையில் இருந்தது என்பதே பொருத்தமான முடிவு. அந்த மூதாதை 600 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்னர் கடலில் வாழ்ந்ததாகக் கணிக்கப்படுகின்றது. பழ ஈயில் அவற்றுட் சில இல்லாமைக்குக் காரணம், ஈயின் வழிமரபில் அவை இழக்கப்பட்டமையாகும். கூர்ப்பு என்றால் எப்போதும் கூடிக்கொண்டே போவது என எண்ண வேண்டாம். இழப்பதும் கூர்ப்பே.

இன்னொன்றையும் இங்கே கவனியுங்கள். அனிமனி எமது அப்பப்பா அல்ல. அது எம்மைப் போலவே இன்று வாழும் ஓர் அங்கி. நாம் கூர்ப்படைந்த அதே காலம் முழுவதும் அதுவும் கூர்ப்படைந்தே வந்துள்ளது. அது எமக்கு மிகத் தூரத்து ஒன்றுவிட்ட சகோதர முறை.

5. இன்னும் பின்னோக்கிச் செல்வோம்

அனிமனியைவிட எளிய கடற்பஞ்சை எடுத்துக்கொள்வோம். கடற்பஞ்சுக்கு நரம்பும் இல்லை, தசையும் இல்லை, வாயும் இல்லை. துளைகளால் நீரை உள்ளெடுத்து, அதிலுள்ள நுண்ணுணவை வடித்து உண்கின்றது. அவுஸ்திரேலியாவின் பெரும் தடுப்பு முருகைக்கற்பாறைத் தொடரில் வாழும் அம்பிமெடன் என்னும் கடற்பஞ்சின் டி.என்.ஏ விபரம் 2010ஆம் ஆண்டில் வெளியானது. அதில் ஹொக்ஸ் பரம்பரையலகுகள் இல்லை. ஆனால் ஹோமியோபொக்ஸ் கொண்ட வேறு பரம்பரையலகுகளும் வின்ட் பரம்பரையலகுகளும் உண்டு. நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் இடத்தில் எமக்குத் தேவைப்படும் புரதங்கள் பலவற்றுக்கான பரம்பரையலகுகளும் உண்டு. நரம்பே இல்லாத விலங்கில்!

இன்னும் ஒரு படி பின்னோக்கிச் செல்வோம். கொவனோபிளஜெலேற்று எனப்படும் ஒருகல அங்கிகள் கடலிலும் நன்னீரிலும் வாழ்கின்றன. ஒவ்வொரு கலத்திலும் ஒரு சவுக்குமுளையும் அதனைச் சுற்றி ஒரு கழுத்துப்பட்டியும் இருக்கும். கடற்பஞ்சின் உட்பக்கத்தில் நீரோட்டத்தை உண்டாக்கும் கலங்களும் இதே வடிவமுடையவை. விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒருகல உறவினர் இவையே. இவற்றுள் மொனோசிகா என்னும் அங்கியின் டி.என்.ஏ 2008ஆம் ஆண்டில் வெளியானது. அதில் கட்ஹெரின் வகைப் புரதங்களுக்கான பரம்பரையலகுகள் 23 இருந்தன. எமது உடலில் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பவை கட்ஹெரின் புரதங்களே. தனியாக வாழும் ஒரு கலத்துக்கு ஒட்டும் புரதம் எதற்கு? பற்றீரியாக்களைப் பிடித்து உண்ணவோ, சூழலிலுள்ள மேற்பரப்புகளை உணரவோ அது பயன்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது.

ஆகவே விலங்குடல் தோன்றுவதற்கு முன்னரே, அவ்வுடலைக் கட்டும் கருவிகளில் ஒரு பகுதி ஆயத்தமாக இருந்தது.

6. பழைய சொல், புதிய பொருள்

"பின்னர் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தா அவை இருந்தன?" என ஒரு மாணவர் கேட்கலாம். இல்லை. கூர்ப்புக்கு எதிர்காலம் தெரியாது.

தமிழ்ப் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். எண்ணெய் என்னும் சொல்லைப் பிரித்தால் எள் + நெய் ஆகும். தொடக்கத்தில் அது எள்ளிலிருந்து எடுத்ததை மட்டுமே குறித்தது. இன்று தேங்காயெண்ணெய் என்கின்றோம், மண்ணெண்ணெய் என்கின்றோம். மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. அச்சொல்லை முதலில் வழங்கியவர்கள் மண்ணெண்ணெய் விளக்கை நினைத்து அதனை ஆக்கவில்லை. இருந்த சொல்லைப் பின்வந்தவர்கள் புதிய பொருளுக்கு எடுத்துக்கொண்டனர்.

பரம்பரையலகுகளிலும் இதுவே நடந்தது. ஒரு வேலைக்காக இருந்த பரம்பரையலகு, அது தொழிற்படும் இடமோ காலமோ மாறியபோது வேறு வேலைக்கும் பயன்பட்டது. அம்மாற்றம் அங்கியின் பிழைப்புக்கு உதவியபோது இயற்கைத் தேர்வினால் நிலைபெற்றது. புதிய பரம்பரையலகுகளும் தோன்றின என்பது உண்மையே. நிடாரியாக்களின் கொட்டும் கலங்களில் அவற்றுக்கே உரிய புரதங்கள் உண்டு. எனினும் உடல்களின் பெரும் வேறுபாடுகளுக்குப் பழைய பரம்பரையலகுகளின் புதிய பயன்பாடு முக்கிய காரணமாகும்.

7. உயிர்ச்சுவடுகள் சொல்வது

பரம்பரையலகுகள் சொல்லும் கதையைப் பாறைகளும் ஓரளவு உறுதிப்படுத்துகின்றன. தென் அவுஸ்திரேலியாவின் எடியகாரா குன்றுகளில் 1946ஆம் ஆண்டில் ரெக் ஸ்பிறிக் என்னும் புவியியலாளர் மென்மையான உடலுடைய அங்கிகளின் சுவடுகளைக் கண்டார். இக்காலத்தைச் சேர்ந்த டிக்கின்சோனியா என்னும் தட்டையான, நீள்வட்ட வடிவ அங்கி விலங்கா அல்லவா என்று நீண்டகாலம் விவாதிக்கப்பட்டது. ரஷ்யாவின் வெண்கடற் பகுதியில் கிடைத்த, சுமார் 558 மில்லியன் ஆண்டுகள் பழைமையான டிக்கின்சோனியாச் சுவட்டில் கொலஸ்திரோலின் எச்சங்கள் இருப்பதாக 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கொலஸ்திரோல் விலங்குகளுக்குச் சிறப்பான பதார்த்தமாகையால், அது விலங்கே என்ற கருத்து வலுப்பெற்றது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என எண்ண வேண்டாம். விலங்குகளின் மரத்தில் முதலிற் பிரிந்த கிளை எது? கடற்பஞ்சு என்பதே நீண்டகாலக் கருத்து. சீப்பு இழுதுமீன்களே முதலிற் பிரிந்தவை என்பது மற்றைய கருத்து. 2023ஆம் ஆண்டில் நிறமூர்த்தங்களில் பரம்பரையலகுகள் சேர்ந்திருக்கும் விதத்தை ஒப்பிட்ட ஆய்வு இரண்டாவது கருத்துக்கு வலுவூட்டியது. விவாதம் தொடர்கின்றது. சீப்பு இழுதுமீனுக்கு நரம்பும் தசையும் உண்டு, கடற்பஞ்சுக்கு இல்லை. எனவே இரண்டாவது கருத்துச் சரியாயின், நரம்பு இரு தடவை தனித்தனியே தோன்றியது அல்லது கடற்பஞ்சின் வழிமரபில் அது இழக்கப்பட்டது என்றாகும். எளிமை எப்போதும் தொடக்க நிலை அல்ல, அது இழப்பின் விளைவாகவும் இருக்கலாம் என்பதை இவ்விவாதம் நினைவூட்டுகின்றது.

8. மாணவர்கள் வழமையாக விடும் தவறுகள்

(அ) "மனிதன் கடல் அனிமனியிலிருந்து தோன்றினான்" என எழுதுதல். இரண்டும் ஒரு பொது மூதாதையிலிருந்து தோன்றின என்பதே சரி.

(ஆ) "தாழ்ந்த விலங்கு, உயர்ந்த விலங்கு" என எழுதுதல். எளிய உடலமைப்புடைய, சிக்கலான உடலமைப்புடைய என எழுதுக. கூர்ப்பு ஏணியன்று, கிளைவிட்ட மரம்.

(இ) பரம்பரையலகு இருந்தால் அங்கமும் இருக்கும் என எண்ணுதல். கடற்பஞ்சை நினைவிற் கொள்க.

(ஈ) "தேவைப்பட்டதால் விகாரம் ஏற்பட்டது" என எழுதுதல். விகாரம் எழுமாறாக ஏற்படுவது. அதில் பயனுள்ளது இயற்கைத் தேர்வினால் நிலைபெறுகின்றது.

9. பயிற்சி வினாக்கள்

1. ஓர் அங்கியின் கண்கலத்திலும் ஈரற்கலத்திலும் ஒரே டி.என்.ஏ இருந்தும் அவை வேறுபடுவது ஏன்?
2. எலியின் பரம்பரையலகு பழ ஈயில் ஈயின் கண்ணையே உருவாக்கியது. இதிலிருந்து பெறக்கூடிய முடிவுகள் இரண்டு தருக.
3. மனிதனிலும் கடல் அனிமனியிலும் உள்ள ஒரு பரம்பரையலகு பழ ஈயில் இல்லை. இதனை விளக்குக.

விடைக் குறிப்புகள்

1. இரு கலங்களிலும் வெவ்வேறு பரம்பரையலகுகள் தொழிற்படுவதால்.
2. (i) இப்பரம்பரையலகு கண்ணை நேரடியாக ஆக்குவதில்லை, கண்ணை ஆக்கும் ஏனைய பரம்பரையலகுகளைத் தொடக்கிவைக்கின்றது. (ii) அது எலிக்கும் ஈக்கும் பொதுவான மூதாதையிலிருந்து கிடைத்தது.
3. பொது மூதாதையில் அது இருந்தது. ஈயின் வழிமரபில் இழக்கப்பட்டது.

மூன்றாம் வினாவுக்கு அப்பப்பாவின் படத்தை நினைத்துக்கொண்டு உங்கள் சொந்த வசனத்தில் விடை எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் இப்பாடம் உங்களுக்கு விளங்கிவிட்டது. அடுத்த முறை பாகுபாட்டு அட்டவணையைப் படிக்கும்போது, அதன் முதல் வரியில் நிற்கும் அனிமனியை இரக்கத்தோடு பார்க்க மாட்டீர்கள்.